அதைக் கேட்கவில்லை சார்

"ஆறாவது ரவுண்டுல அந்த அடி உங்க பக்கம்தான சார் விழுந்துச்சு? பார்த்தீங்களா?"

"ரெஃபரி சொல்லாம நான் ஒரு புள்ளியும் குறைக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"அதைக் கேக்கல சார்."

அவ்வளவுதான் பேச்சு. நீலக் கார்னரில் ஆடிய குத்துச்சண்டை வீரனின் கோச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைவழியில் போய்விட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன்.

அந்தப் போட்டியின் மூன்று ஜட்ஜுகளில் நான் ஒருவன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தொழில்முறைப் போட்டியில் ஃபவுலைத் தீர்மானிப்பது ரெஃபரி மட்டும்தான். அவர் ஆட்டத்தை நிறுத்தி, மூன்று ஜட்ஜுகளிடமும் விரல் காட்டி 'ஒரு புள்ளி குறை' என்று சொன்னால்தான் நாங்கள் குறைப்போம். நானாகக் குறைத்தால் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ரிங்கின் மூன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் ஆளுக்கொரு ஃபவுலைக் கண்டுபிடித்துத் தண்டிக்க ஆரம்பித்தால் அது போட்டியாகவே இருக்காது. இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

பார்த்தேன். ரவுண்டு முடிய நாற்பது விநாடி இருக்கும். சிவப்புக் கார்னர்க்காரன் அன்று முழுக்க இடது ஹூக்கை, பக்கவாட்டில் வளைத்து விடும் அடியை, விலாவுக்கு விட்டுக்கொண்டிருந்தான். நல்ல அடிகள், சுத்தமானவை. அந்த ஒன்று மட்டும் நீலத்தின் முழங்கையில் வழுக்கிக் கீழே இறங்கியது. பெல்ட்டுக்கு நாலு விரல் கீழே. ரெஃபரி அந்தப் பக்கம் இருந்தார். நீலத்தின் முதுகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நேர் எதிரில் நடந்தது.

இந்த அடியின் வலி சற்றுத் தாமதமாக வரும். மூக்கில் பட்டால் உடனே தெரியும். இது ஒரு மூச்சு விட்டு, அடிவயிற்றிலிருந்து மேலே ஏறும். குமட்டும். அடிவயிற்றுக்குக் கீழே காப்புக்கு அணியும் கப் போட்டிருந்தாலும் அதன் விளிம்பு உள்ளே அழுத்தும். கால் நகராது, கை தானாக இறங்கும். கை இறங்கினால் தலை திறந்துவிடும். நீலத்துக்கு அதுதான் நடந்தது. அவன் ரெஃபரியைத் திரும்பிப் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, மண்டியிடவும் இல்லை. கட்டிப்பிடிக்கப் பார்த்தான், சிவப்பு விடவில்லை. கயிற்றோரம் வைத்து ஏழெட்டு அடி, எல்லாமே சுத்தம், எல்லாமே தலைக்கு. மணி அடித்தது.

அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் இருபது விநாடியும் நீலத்தினுடையது. பெரிய வித்தியாசத்தில் இல்லை, ஆனால் அவனுடையது. கடைசி நாற்பது விநாடி அதைப் புரட்டிப்போட்டது. ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது; சீட்டில் 10-9 சிவப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெஃபரி வந்து வாங்கிப் போனார். கொடுத்த சீட்டு கொடுத்ததுதான், திருத்த முடியாது.

எட்டு ரவுண்டு முடிந்தபோது ஒரு ஜட்ஜின் கார்டு, அதாவது மொத்தப் புள்ளிக் கணக்கு, சிவப்புக்கு 77-75, ஒன்று நீலத்துக்கு 77-75. மூன்றாவது என்னுடையது, சிவப்புக்கு 77-75.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பலமுறை போட்டுவிட்டேன். ரெஃபரி அந்த அடிக்கு ஒரு புள்ளி குறைத்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால், என் சீட்டில் அந்த ரவுண்டு 9-9. மொத்தம் 76-75, அப்போதும் சிவப்புதான். அந்த இன்னொரு சிவப்புக் கார்டும் 76-75 ஆகியிருக்கும். முடிவு மாறாது! இதைக் கண்டுபிடித்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. மற்றதெல்லாம் அப்படியே எப்படி நடந்திருக்கும்? ரெஃபரி பார்த்திருந்தால் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். பெல்ட்டுக்குக் கீழே அடிபட்டவனுக்கு ஐந்து நிமிடம் வரை ஓய்வு உண்டு. கயிற்றோரம் அந்த ஏழெட்டு அடி விழுந்திருக்கவே விழுந்திருக்காது. நீலம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மிச்ச நாற்பது விநாடியைச் சமாளித்திருந்தால் ரவுண்டு அவனுக்கு. முதல் தடவைதானே என்று வெறும் எச்சரிக்கையோடு விட்டிருந்தால்கூட என் சீட்டு 76-76. புள்ளியும் குறைத்திருந்தால் அந்த ரவுண்டு 10-8, என் சீட்டில் நீலம் 76-75, நீலக் கார்டும் சேர்ந்து வெற்றி அவனுக்கு.

ஆக, அந்த ஒரு புள்ளியில் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த நாற்பது விநாடியில் இருக்கிறது. கீழே விழுந்த அடியை நான் எண்ணவில்லை, சரி. ஆனால் அது திறந்துவிட்ட கதவு வழியாக வந்த அத்தனை அடியையும் எண்ணினேன். அவற்றை எண்ணாமல் விட முடியுமா? அவை சுத்தமான அடிகள். சுத்தமான அடியைத்தானே முதலில் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்.

அந்தப் பையன் விழுந்திருக்க வேண்டும் என்று சில சமயம் எரிச்சல் வரும். அனுபவசாலிகள் விழுவார்கள். ஒரு முழங்காலைத் தரையில் வைத்தாலே ரெஃபரி யோசிப்பார். அதுவும் நிச்சயம் இல்லைதான். 2011 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் அப்னர் மாரஸ், ஜோசப் அக்பெகோ மோதலில் பதினோராவது ரவுண்டில் அக்பெகோ பெல்ட்டுக்குக் கீழே அடி, அதாவது கீழடி, வாங்கி விழுந்தார். ரெஃபரி அதை நாக்டவுன், அதாவது முறையான அடியில் விழுந்தது, என்று எண்ணிவிட்டார். அடியும் வாங்கி, அந்த ரவுண்டின் புள்ளிகளும் போய், பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றார். உலகப் பட்டம் வழங்கும் அமைப்பான ஐபிஎஃப் மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. அந்த டிசம்பரில் நடந்த மறுபோட்டியிலும் மாரஸ்தான் ஜெயித்தார். அப்படியானால் முதல் போட்டியில் அந்த அடி முடிவை மாற்றியதா இல்லையா? எப்படியும் ஜெயிக்கக்கூடியவர்தான் ஜெயித்தார் என்று சொல்லலாம். எனக்கு வசதியான வாதம். ஆனால் நீலத்துக்கு யாரும் மறுபோட்டி கொடுக்கவில்லை. எட்டு ரவுண்டுக்காரனுக்கு யார் கொடுப்பார்கள்?

கீழே அடிப்பவன்தான் கடைசியில் நஷ்டப்படுவான் என்று நான் புதிதாகச் சேர்ந்த ஜட்ஜுகளிடம் சொல்வதுண்டு. அதற்கு ஆண்ட்ரூ கோலோட்டாவைக் காட்டுவேன். 1996 ஜூலையில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிடிக் போவைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார். புள்ளி குறைத்தும் முன்னிலையில்தான் இருந்தார். ஆனாலும் கை கீழேயே போனது. ஏழாவது ரவுண்டில் தகுதிநீக்கம். அரங்கில் கலவரம். அதே டிசம்பரில் மறுபோட்டி, மறுபடியும் முன்னிலை, மறுபடியும் அதே குற்றம், ஒன்பதாவது ரவுண்டில் வெளியே அனுப்பினார்கள். சொல்லச் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு ஒருநாள் யோசித்தேன்: கோலோட்டா தோற்றது கீழே அடித்ததாலா, ரெஃபரி பார்த்ததாலா?

பார்த்தாலும் தகராறு தீராது என்பது வேறு விஷயம். 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் டேனியல் டுபோயிஸ் அடித்த அடியில் சாம்பியன் உசிக் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். ரெஃபரி கீழடி என்றார், உசிக்குக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஓய்வு கிடைத்தது, ஒன்பதாவதில் டுபோயிஸை நாக்அவுட் செய்தார். அது பெல்ட்டின் மேல் விழுந்த நல்ல அடி என்று டுபோயிஸ் தரப்பு இன்றும் சொல்லும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஷார்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினாலே கோடு மாறிவிடும். குனிந்தால் கோடும் கூடவே குனியும். ரிங்கோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஒரு கணத்தில் நாலு விரல் என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும்?

தெரியும். அதுதான் பிரச்சினை.

பழைய காலத்தில் இதை வேறுவிதமாகப் பார்த்தார்கள். 1930 ஜூனில் மாக்ஸ் ஷ்மெலிங், ஜாக் ஷார்க்கியின் கீழடி வாங்கி நாலாவது ரவுண்டில் தரையில் கிடந்தபடியே ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்றார். இன்றோ, தற்செயலாகப் பட்ட கீழடிக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் எழுந்து வராவிட்டால் அடிபட்டவன்தான் தோற்றவன். ஏன் மாற்றினார்கள் என்பது புரிகிறது, நடிப்பவர்களுக்கு அது ஒரு வழியாகிவிடும். ஆனால் நடிக்கத் தெரியாதவனுக்கு இந்த விதியிலும் இடம் இல்லை, அந்த விதியிலும் இல்லை.

போட்டியின் பதிவை வாங்கிப் பார்த்தேன். கேமரா எதிர்ப்பக்கம், ரெஃபரியின் தோளுக்குப் பின்னால். நீலத்தின் முதுகும் சிவப்பின் தலையும் தெரிகின்றன. அடி தெரியவில்லை. அப்புறம் கயிற்றோரம் அந்த ஏழெட்டு அடி, மிகத் தெளிவாக. பார்க்கிற யாரும் 10-9 சிவப்பு என்றுதான் எழுதுவார்கள்.

நடைவழியில் 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முறையீடு எழுதுவார், என் பெயர் அதில் வரும், ரெஃபரி என் நண்பர். இதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் ஓடியதா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்து வேறொரு போட்டி. மூன்றாவது ரவுண்டில், ரெஃபரி பார்க்காத ஒரு கீழடி, மறுபடியும் என் பக்கத்தில். அடிபட்டவன் மிச்ச நேரம் முழுக்கத் தடுமாறினான். ரவுண்டு முடிந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அடிபட்டவனுக்கு 10-9 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ரவுண்டு அவனுடையதா என்று கேட்டால், முதல் நிமிடத்தைப் பெரிதாக்கிக் காட்டி வாதாடுவேன்.

அந்தச் சீட்டைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.