ஸ்லஷ் மெஷினைக் கழுவுவது பற்றி

கோடைக்காலத்தில் ஸ்லஷ் மெஷின் (இனிப்புப் பானத்தைச் சுழற்றிக்கொண்டே பாதி உறைந்த பனிக்கூழாக்கும் இயந்திரம்) வைத்து வியாபாரம் செய்யும் நண்பர்கள் அனைவரும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பானம் குளிர்ச்சியாக இருப்பதாலேயே அதில் கிருமி வளராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியவை.

தொட்டியைக் காலி செய்து வெதுவெதுப்பான நீரை ஓடவிடுவது கழுவுதலின் தொடக்கம் மட்டுமே. அப்போது குளிரூட்டும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், ஏனெனில் சர்க்கரை இல்லாத வெறும் நீர் கெட்டியாக உறைந்து, உள்ளே சுழலும் திருகையும் மோட்டாரையும் பழுதாக்கிவிடும். பிறகு மின்இணைப்பைத் துண்டித்து, தொட்டி, திருகு, குழாய், ரப்பர் வளையங்கள் ஆகிய எல்லாவற்றையும் கழற்றி, சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அழுக்கு உண்மையில் தங்குமிடம் தொட்டியன்று. குழாயின் உட்புறமும் ரப்பர் வளையங்களின் மடிப்புகளுமே. அங்கே தேங்கும் சர்க்கரைப் பிசினில்தான் கரும்பூஞ்சை பிடிக்கிறது. கொதிநீரும் கம்பி நாரும் வேண்டவே வேண்டாம், தொட்டியில் விரிசலும் கீறலும் விழும்.

அடுத்து, தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவில், பெரும்பாலும் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவுள்ள குளோரின் கரைசலில், கழுவிய பாகங்களைச் சில நிமிடங்கள் வைத்தெடுத்து, துணியால் துடைக்காமல் காற்றிலேயே உலரவிடுங்கள். அழுக்கு நீங்காத பரப்பில் குளோரின் சரியாக வேலை செய்யாது என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது. ரப்பர் வளையங்களுக்கு உணவுத்தரக் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும். நம் கடைகளில் வாங்கிக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் என்பதால், இரவு எவ்வளவு நேரமானாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.