பழைய கராஜைக் குளிர்காலப் பட்டறை ஆக்கிய கதை: சுவரை மூட அவசரப்படாதீர்கள்

கனடாவில் டொரொண்டோவின் ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் பழைய மரக் கராஜ். 12 அடிக்கு 20 அடி, சுவர் உயரம் 8 அடி. தச்சு வேலைக்காக அதைக் குளிர்தாங்க வைக்கும் வேலை போன கிழமைதான் முடிந்தது. இரண்டு கிழமை என்று போட்ட கணக்கு ஆறு கிழமை இழுத்தது. ராக்வூல் (சுவருக்குள் வைக்கும் கல்நார்ப் பஞ்சு போன்ற குளிர்தடுப்பு; கல்லை உருக்கி இழையாக்கியது) அடைக்க இரண்டு நாள்தான் போனது. மிச்ச நாளெல்லாம் செய்ததைக் கழற்றித் திரும்பச் செய்ததில் போனது.

பெரிய அடி மின்சாரப் பரிசோதனையில். வயர் இழுத்து, ராக்வூல் அடைத்து, மேலே ஈர ஆவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டிய பிறகுதான் பரிசோதகர் வந்தார். மூடுமுன் படம் எடுத்து வைத்தால் போதும் என்று போனில் கதைத்த அலுவலர் சொல்லியிருந்தார். வந்தவர் படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவர் பார்ப்பது இவற்றைத்தான்: பிளக் பெட்டியிலிருந்து 12 அங்குலத்துக்குள் வயரைப் பிடிக்க ஒரு ஸ்டேப்பிள், அதன்பிறகு 5 அடிக்குள் ஒவ்வொன்று, வயர் போகும் துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலமாவது உள்ளே, அவ்வளவு இடம் இல்லாவிட்டால் விளிம்பில் இரும்புத் தகடு. 20 அடிச் சுவரின் பிளாஸ்டிக் முழுவதையும் கிழித்தேன். கறுப்பு சீலன்ட் பிடித்த பிளாஸ்டிக் திரும்ப ஒட்ட உதவாது, புதுச் சுருள்தான் வாங்க வேண்டும். கடைசியில் குறை என்று இருந்தது ஒரேயொரு துளை. ஒரு தகட்டோடு முடிந்தது. போனில் யார் என்ன சொன்னாலும், பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை சுவரைத் திறந்தே வையுங்கள்.

வீட்டிலிருந்து வயர் வரும் பள்ளத்துக்கும் இதே கதைதான். குழாய்க்குள் விடாமல் நேராக மண்ணில் புதைக்கும் வயர் என்றால் 24 அங்குல ஆழம், கார் ஓடும் இடத்தில் 36. பரிசோதகர் பார்க்குமுன் மண் போடாதீர்கள். கிண்டுமுன் ஒன்டாரியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்குச் சொன்னால் நிலத்தடிக் குழாய்களை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். அதற்கும் சில நாட்களை ஒதுக்குங்கள்.

அடுத்தது அடிச்சட்டம், அதாவது சுவரின் அடியில் தரையோடு கிடக்கும் மரம். வெளியே மண் கொங்கிறீட் தரையைவிட உயர்ந்திருந்ததால், உருகிய பனித் தண்ணீர் வருடக்கணக்காக மரத்துக்குள் போயிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனைகூட இறங்காது. இங்கே ஆறடி நீளத்துக்கு, ஈரக் கேக்கில் குத்தியதுபோல் பிடிவரை இறங்கியது. அதை மூடி ராக்வூல் வைத்திருந்தால் சூடு பட்டு உக்கல் இன்னும் வேகமாக ஏறியிருக்கும். நிமிர்சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு மரத்தை ஸ்க்ரூ பண்ணி, ஜாக்கியால் கால் அங்குலம் தூக்கி, மும்மூன்று அடியாக வெட்டி மாற்றினேன். புதுச் சட்டம் மருந்தேற்றிய மரம், அதன் கீழே நுரைப் பட்டி. ஆணி கல்வனைஸ் செய்ததாக இருக்க வேண்டும். அந்த மரத்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். வெளி மண்ணைச் சுவர்ப் பலகைக்கு 8 அங்குலம் கீழே இறக்கிச் சல்லி போட்டேன்.

ராக்வூல் வாங்குமுன் சட்டங்களின் இடைவெளியை அளங்கள். மையத்துக்கு மையம் 16 அங்குலம் என்று நினைத்து 8 மூட்டை ஏற்றி வந்தால், இங்கே இருந்தது 24. மரச் சட்டத்துக்கு 16க்கு பதினைந்தேகால், 24க்கு 23 அங்குல அகலம் எடுக்க வேண்டும். இரும்புச் சட்டத்துக்கான மூட்டையும் அதே தட்டில் இருக்கும். அது ஏறக்குறைய ஒரு அங்குலம் அகலம் கூட. 2x4 மரச் சட்டச் சுவருக்கு ஆர்-14 (ஆர் எண் கூடக்கூடக் குளிரை நன்றாகத் தடுக்கும்). பாண் வெட்டும் கத்தியால், இடைவெளியைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டினால் தானாகவே பிடித்து நிற்கும். வயர் வரும் இடத்தில் அமுக்கித் திணிக்காமல், தடிப்பில் பாதியாகப் பிளந்து ஒரு பாதியை வயருக்குப் பின்னாலும் மறுபாதியை முன்னாலும் வையுங்கள். அமுங்கினால் பின்னால் வெற்றிடம் விழும், அந்த இடம் குளிரும்.

பிளாஸ்டிக் 6 மில் தடிப்பு (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), அறைப் பக்கம். பொருத்து ஒரு சட்டத்தின் மேல் விழ வேண்டும், இரண்டு தாளுக்கும் நடுவே கறுப்பு சீலன்ட். பிளக் பெட்டிகளைச் சுற்றித்தான் அதிகம் கசியும். பெட்டிக்குப் பின்னால் வைக்கும் பிளாஸ்டிக் உறையை வயர் இழுக்குமுன்னரே மாட்டிவிடுங்கள். முகட்டில் கூரைப் பலகைக்கும் ராக்வூலுக்கும் நடுவே இரண்டரை அங்குலக் காற்றுவழி. தூக்குக் கதவுக்கு உள்ளே தனியாக ஒரு சட்டச் சுவர். தரைக்கு ஒரு அங்குல நுரைப் பலகை, மேலே பிளைவூட்.

சூட்டுக்கு புரொப்பேன் ஹீட்டர் வேண்டாம். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் 1 கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். சுவர் ஈரமாகும், மேசை வாளின் இரும்புத் தட்டில் துரு பிடிக்கும், கார்பன் மோனாக்சைட் ஆபத்து வேறு. 240 வோல்ட், 5000 வாட் மின் ஹீட்டர் எடுத்தேன்: 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் வயர்.

நேற்று வெளியே மைனஸ் 15, உள்ளே 17. போன மாசி மாதம் 10 பாகைக்குக் கீழே ஒட்டிய மேசைக்கால் பொருத்துகளில் பசை சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிர்ந்தது. நேற்று ஒட்டிய பலகைகளை இன்று காலை கிளாம்ப் கழற்றித் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.