கிரவுண்டு, தெரு, நகரம்

நில உபயோக வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பொதுப் பயன்பாட்டுக்குச் சிவப்பு. என் வேலை நாள்கள் இந்த நிறங்களோடுதான் போகின்றன. நகரமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில், சென்னையின் நில உபயோகக் கணக்கெடுப்பையும் வீட்டுத் தேவை மதிப்பீட்டையும் நீண்ட காலமாகப் பார்த்துவருகிறேன். கச்சிதமான நகரம் வேண்டும், ஊர் இனியும் பரவக் கூடாது என்று இப்போது எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் பேச்சு எப்போதும் மாடிகளின் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. தெருவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த ஆதங்கம்தான் இதை எழுத வைத்தது.

முதலில், ஊர் ஏன் பரவக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, 2026ஐ இலக்காக வைத்தது. இரண்டுமே சுமார் 1,189 சதுர கிலோமீட்டருக்கானவை. 2022இல் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அரக்கோணம் வரை இப்போது திட்டமிடும் பகுதிக்குள் வருகிறது. எல்லையை விரித்ததில் தவறில்லை. ஏரிகளும் ஓடைகளும் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை என்பதால் மொத்தமாகப் பார்ப்பதுதான் சரி. ஆனால் இவ்வளவு நிலம் கணக்குக்குள் வந்துவிட்டால், வீட்டுத் தேவையை அங்கே தள்ளிவிடலாம் என்ற ஆசையும் கூடவே வரும். அந்த ஆசைக்கு நாம் கொடுத்த விலையைப் பள்ளிக்கரணையில் பார்க்கலாம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேருக்குப் பரந்திருந்த சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். வழியெல்லாம் மனையானால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2015இலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதைத்தான் பார்த்தோம். 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது பெரிய நிம்மதி. ஆனால் மிஞ்சியதைக் காக்க வேண்டுமானால், அங்கே போகவிருக்கும் வீடுகளுக்கு ஊருக்குள் இடம் கண்டுபிடித்தாக வேண்டும். என் வேலையின் மையமே அந்தத் தேடல்தான்.

சரி, ஊருக்குள் இடம் இருக்கிறதா? இதற்குப் பதில் வரைபடத்தில் கிடைக்காது. நடந்துதான் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்புக்குப் போகும் புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மின் மீட்டர் பலகையை. மேற்கு மாம்பலத்திலோ சூளையிலோ ஒரு வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, இரண்டு குடும்பம் என்றுதான் தோன்றும். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஏழு மீட்டர் இருக்கும். ஒன்று மோட்டாருக்கும் பொது விளக்குக்கும். மற்றவை குடும்பங்களுக்கு. அதிலும் ஒரே மீட்டரில் துணை மீட்டர் போட்டு மொட்டை மாடி அறையை வாடகைக்கு விட்டிருப்பார்கள். மீட்டருக்கு மேல் சாக்கட்டியில் ‘ஜி1’, ‘எஃப்2’, ‘மாடி’ என்று எழுதியிருக்கும். சில பலகைகளில் குடியிருப்பவரின் தொழில்கூட இருக்கும்: ‘டெய்லர்’, ‘டியூஷன்’. வரைபடத்தில் மஞ்சளாக இருக்கும் அந்த மனையில் தையல் கடை, தனிப்பயிற்சி, மாவு அரைக்கும் இயந்திரம், ஆறு குடும்பம் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று நாங்கள் பிரித்து வைத்திருப்பதை இந்த ஊர் தன் போக்கில் எப்போதோ கலந்துவிட்டது. கச்சிதமான நகரத்துக்கு வேண்டிய குணம் அது. பள்ளியும் மருந்துக் கடையும் வேலையும் நடை தூரத்தில் இருப்பதுதானே அதன் அர்த்தம்? அந்தக் கலப்பை விதிமீறலாகப் பார்க்காமல், மேலும் வளரக்கூடிய வளமாகப் பார்க்கப் பழக வேண்டும்.

இனி கிரவுண்டு கணக்கு. சென்னையில் மனையை யாரும் சதுர மீட்டரில் பேசுவதில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, உயரமில்லாத கட்டிடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. எல்லா மாடிகளையும் கூட்டி, மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அந்த எண். முன்பு ஒன்றரையாக இருந்தது. ஆக, ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம், 800 சதுர அடி வீடு என்றால் ஆறு. நாற்பது கிரவுண்டு உள்ள ஒரு தெருவில், மனைக்கு ஒரு வீடாக இருந்தது 240 வீடாக மாற விதியே வழி விடுகிறது. இந்த எண்ணைப் பார்த்து நான் பயப்படவில்லை. ஊருக்குள் இடம் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. தெரு அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

தெருவை நாடா பிடித்து அளக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆவணத்தில் ஒன்பது மீட்டர் என்று இருக்கும். சுவருக்குச் சுவர் அளந்தால் ஏழரை வரும். அதில் ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கம் குப்பைத் தொட்டி. ஒவ்வொரு அடுக்குமாடியும் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு, அதாவது தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே இருக்கும் வண்டி நிறுத்தத்துக்கு, ஏற ஒரு சரிவுப் பாதையைத் தெருவுக்குள் இறக்கியிருக்கும். மழைநீர் வடிகாலின் வாய் அந்தச் சிமெண்டுச் சரிவுக்கு அடியில் புதைந்து கிடக்கும். கார்கள் நின்றது போக மிச்சம் நான்கு மீட்டர் இருந்தால் அதிகம். தீயணைப்பு வண்டி அதில் எப்படித் திரும்பும்? சாக்கடைக் குழாய் மனைக்கு ஒரு வீடு இருந்த காலத்தில் போட்டது. மேன்ஹோல் மூடி நிரம்பி வழியும் இடங்களை எங்கள் தாளில் குறித்துக்கொண்டே வந்தால், சமீபத்தில் வீடு இடித்துக் கட்டிய மனைகளின் வரிசை அப்படியே தெரியும்.

இப்படி அளந்துகொண்டிருக்கும்போது ஒரு வயதான அம்மா கேட் அருகே வந்து நின்றார். “ஏம்மா, ரோடு அகலப்படுத்தப் போறீங்களா? எங்க வீட்டு முன்பக்கம் போயிடுமா?” என்று கேட்டார். இல்லை அம்மா, கணக்கு மட்டும்தான் எடுக்கிறோம் என்றேன். “கணக்கு எடுத்தா நல்லதுதான். பக்கத்துல ஆறு வீடு கட்டினப்புறம் எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி நூலாட்டம் வருது. அதையும் எழுதிக்கோங்க” என்றார். எழுதிக்கொண்டேன். கணக்கெடுப்புத் தாளில் அதற்குப் பத்தி இல்லை. பின்குறிப்பாகத்தான் எழுத முடிந்தது.

அந்தப் பத்தி இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது. நம் விதிகள் எல்லாமே மனையோடு பேசுகின்றன. மனை எவ்வளவு பெரிது, முன்னால் இருக்கும் சாலை எவ்வளவு அகலம், பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும். மனைக்குச் சொந்தக்காரர் விண்ணப்பிக்கிறார், மனைக்கு அனுமதி கிடைக்கிறது. 2024இலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்து உடனடியாக அனுமதி பெறலாம். சிறு குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை, நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே தெருவில் மொத்தம் எத்தனை வீடு வரப்போகிறது என்று கூட்டிப் பார்க்கும் மேஜை எங்கேயும் இல்லை.

திறந்தவெளி ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில்தான் பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். அது கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிரவுண்டு. நகரின் விளிம்பில் பெரிய வளாகம் கட்டுகிறவர் அந்தக் கணக்கில் வருவார். மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டாக இடித்துக் கட்டுகிறவர்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். தெரு முழுக்க ஆறு மடங்கு ஆனாலும், குழந்தைகள் விளையாட ஒரு சென்ட் நிலம் சேராது. கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கக் கட்டணம் வசூலிக்கிறோம். அந்தப் பணம் அதே தெருவின் சாக்கடைக்கும் நடைபாதைக்கும் திரும்ப வந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நான் சொல்வது இதுதான்: வீட்டு வளர்ச்சியை அனுமதிக்கும் அலகு தெருவாக இருக்க வேண்டும். இந்தத் தெரு இவ்வளவு அகலம், இந்தக் குழாய் இவ்வளவு தாங்கும், ஆகவே இத்தனை வீடு வரலாம், குழாயை மாற்றினால் இன்னும் இத்தனை வரலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்கள் சேர்ந்து கட்டினால் கூடுதல் பரப்பு தர வேண்டும். இதன் பயனை எந்த இரண்டு அடுக்குமாடிகளுக்கு இடையிலும் போய்ப் பார்க்கலாம். இரு பக்கமும் விட்ட இடைவெளி, நடுவில் ஒரு சுற்றுச்சுவர். ஆள் ஒருக்களித்துப் போகும் இரண்டு சந்துகள். ஏ.சி. வெளிப்பெட்டியும் உடைந்த டைல்ஸும் கிடக்கும், வெயில் எட்டாது. மூன்று மனை சேர்ந்தால் அந்தச் சந்துகள் எல்லாம் ஒன்றாகி, வேப்பமரம் வளரும் அளவுக்கு ஒரு முற்றம் கிடைக்கும். தெருவில் மூன்று சரிவுப் பாதைக்குப் பதில் ஒன்று போதும். சேர்ந்து கட்டுவது நம் ஊரில் லேசில் நடக்காது என்பதும் தெரியும். அண்ணன் தம்பி இரண்டு பேரே பட்டாவைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும் ஊர் இது. அதனால்தான் சலுகை கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறேன். பழைய அடுக்குமாடிகளுக்கு 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். முன்பு ஒருவர் மறுத்தாலும் எட்டுக் குடும்பம் விரிசல் விட்ட கூரைக்குக் கீழே காத்திருக்கும்.

தெருவை முதலில் வைப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு தியாகராய நகர் உருவானபோது, பனகல் பூங்காவையும் அதிலிருந்து பிரியும் சாலைகளையும் வகுத்துவிட்டுத்தான் மனை பிரித்தார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்து அதைச் செய்தார்கள் என்பது வேதனையான உண்மை. அதை இனி ஒருபோதும் செய்யக் கூடாது. ஆனால் தனி வீடுகளுக்காகப் போட்ட அந்தச் சாலைகள் பாண்டி பஜாரின் கூட்டத்தை இன்றும் சுமக்கின்றன. 2019இல் அங்கே அகலமான நடைபாதை போட முடிந்ததற்குக் காரணம், போட இடம் இருந்ததுதான்.

எங்கே நெருக்கத்தைக் கூட்டலாம் என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது பறக்கும் ரயில் பாதையை. 1995இல் கடற்கரையிலிருந்து தொடங்கி, 2007இல் வேளச்சேரியை எட்டிய பாதை. மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர் என்று ஒவ்வொரு நிலையமும் பெரிய கட்டிடம். உள்ளே பெரும்பகுதி காலியாகவே இருந்துவந்திருக்கிறது. வாசலில் இறங்கினால் பல இடங்களில் நடைபாதை கிடையாது. தலைக்கு மேல் ரயில் இருக்க, மக்கள் பெரும்பாக்கத்தில் வீடு வாங்கித் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டருக்கு வருகிறது. அந்த நிலையங்களும் இப்படி ஆகிவிடாமல் இருக்க, தூண் நிற்கும்போதே சுற்றுத் தெருக்களின் குழாயும் நடைபாதையும் முடிவாக வேண்டும்.

அப்புறம், யாருக்கான வீடு என்ற கேள்வி. ரயிலடியில் கட்டும் வீடெல்லாம் கோடி ரூபாய் என்றால், ஊர் கச்சிதமாகாது. ஏழைகள் மட்டும் வெளியே பரவுவார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், அப்புறம் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் அப்படித்தான் போனார்கள். விடியற்காலையில் அங்கிருந்து வரும் பேருந்தில் ஏறினால், மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பார்க்கலாம். நான் பேசிய ஓர் அக்கா, முன்பு நடந்தே நான்கு வீட்டில் வேலை பார்த்ததாகவும் இப்போது பேருந்து நேரத்துக்குள் இரண்டு வீடுதான் முடிகிறது என்றும் சொன்னார். அவருக்கு வீடு கிடைத்தது, பாதி வருமானம் போனது. எங்கள் கணக்கில் அவர் ‘வீட்டுத் தேவை நிறைவேறிய குடும்பம்’. 1970களில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய அடுக்குகளை இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டி, அதே குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதை நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் பரப்பு வாங்கும் எவரும் அதில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடாகத் தர வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும்.

இப்போது எங்கள் குழு பறக்கும் ரயில் நிலையங்களைச் சுற்றி நடை தூரத்தில் இருக்கும் தெருக்களை அளந்துவருகிறது. தாளில் புதிய பத்திகள் சேர்த்திருக்கிறோம்: சுவருக்குச் சுவர் அகலம், மீட்டர் எண்ணிக்கை, குழாயில் தண்ணீர் வரும் நேரம், வழியும் மேன்ஹோல், வாடகைக் குடும்பங்கள் எத்தனை. மந்தைவெளித் தெருக்கள் முடிந்ததும் கோட்டூர்புரத்துக்குப் போகிறோம். வாரியக் குடியிருப்பு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.