கூடலூர்ப் பள்ளியில் தமிழாசிரியை

கூடலூரில் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எங்கள் வீட்டில் முருகனைக் கும்பிடுவார்கள். இந்தப் பள்ளியில் சேரும்வரை ஒரு திருப்பலியைக்கூட முழுதாகப் பார்த்தவள் இல்லை. இன்று பாதுகாவலர் திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த வாரம் முழுக்க எனக்கும் வேலை சரியாக இருக்கும்.

நீலகிரி மாவட்டம்தான் என்றாலும் கூடலூர் ஊட்டியைப் போலவோ கோத்தகிரியைப் போலவோ இருக்காது. நடுவட்டம் தாண்டிக் கீழே இறங்கியதும் குளிர் விட்டுவிடும், பேச்சும் மாறிவிடும். மேற்கே வயநாடு, நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர், வடக்கே முதுமலைக் காட்டைத் தாண்டினால் மைசூர்ச் சாலை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோர் இங்கே ஆதியிலிருந்தே இருப்பவர்கள். வயல்கள் மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி குடும்பங்களிடம் இருந்தன. பிறகு மலபாரிலிருந்து மாப்பிள்ளை முஸ்லிம்களும், திருவிதாங்கூரிலிருந்து மிளகும் மரவள்ளியும் நடச் சிரியன் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். இத்தனை பேருடைய பேரப்பிள்ளைகளும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வந்த புதிதில் ‘கத்தோலிக்கப் பிள்ளைகள்’ என்று ஒரு கூட்டமும் ‘மற்றவர்கள்’ என்று ஒரு கூட்டமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கத்தோலிக்கரே ஒரே கூட்டம் இல்லை. டான்டீ லயன்களிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகள் லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பூசை தமிழில் நடக்கும். அட்டனிலோ நுவரெலியாவிலோ தாத்தா பாட்டி பாடிய மாதா பாட்டுகளை இன்றும் பாடுவார்கள். மலையாளி வீட்டுப் பிள்ளைகள் சீரோ மலபார் முறை. அவர்கள் போவது குர்பானா என்னும் தங்கள் பூசைக்கு, கோயில் வேறு, மொழி வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் திங்கட்கிழமை காலை பள்ளி முற்றத்தில்தான் ஒன்றாக நின்று ஜெபம் சொல்வார்கள். ஒரே சபைக்குள் இருந்துகொண்டே தனித்தனியாக வாழ்வது எவ்வளவு எளிது என்பதை அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறைக்கல்வி வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்த உரிமை தருவது 30(1). இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் சட்டத்துக்காக மட்டும் இதைச் செய்பவர் அல்லர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மற்றச் சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு அவரே வாசித்துக் காட்டுவார். அந்தச் சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் சாரம். வாசித்து முடித்ததும் பேசாமல் நேர அட்டவணையை எடுத்து நீட்டுவார்.

நேர அட்டவணையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் மதரசாவுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வருகிறார்கள். முதல் பாடவேளையில் அவர்களுக்குக் கண் சொக்கும். அதனால் அந்த வகுப்புக்குக் கணக்குப் பாடத்தைக் காலை இரண்டாம் வேளைக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை ஜும்மாவுக்காக நீளும். நோன்பு மாதத்தில் விளையாட்டு வேளையை அவர்களுக்குக் கட்டாயமாக்குவதில்லை. கார்த்திகையில் மாலை போட்ட பையன்கள் கறுப்பு உடையில், செருப்பில்லாமல் வருவார்கள். சீருடை ஏன் இல்லை என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. ஓணத்துக்கும் படுகரின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் மாவட்ட நிர்வாகமே உள்ளூர் விடுமுறை விடுகிறது. அந்தப் பண்டிகை ஏன், எதற்கு என்று எங்கள் படுகர் ஆசிரியை முந்தின நாள் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் பேசுவார். வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து போவதைப் பற்றி அவர் பேசினால் முற்றத்தில் ஒரு பிள்ளை அசையாது.

யானை நடமாட்டம் உள்ள நாளில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை. வழியில் ஒற்றை யானை நிற்கிறது என்று போன் வந்தால் ஓவேலிப் பக்கத்துப் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவோம், அல்லது ஜீப் வரும்வரை காத்திருக்கச் சொல்வோம். காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் நிஜமாகப் பழகுகிறார்கள். யார் வீட்டுப் பலாமரத்தை யானை சாய்த்தது, யார் அப்பா பட்டாசு போட்டு விரட்டினார் என்ற பேச்சில் மதமும் மொழியும் குறுக்கே வருவதில்லை. மின்சாரமும் அப்படித்தான். 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு மின் இணைப்பு கிடைப்பது பெரும்பாடு. மலையாளி, செட்டி, டான்டீயை விட்டு வெளியே வந்த தமிழர் என்று எல்லார் வீடும் அதில் உண்டு. விளக்கில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பரீட்சை மாதங்களில் மாலையில் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவைக்கிறோம்.

என் பாடத்துக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ் எழுத வேண்டும். வீட்டில் மலையாளமோ செட்டி மொழியோ பணிய மொழியோ பேசும் பிள்ளைக்குச் செய்யுளும் புணர்ச்சி விதியும் மலை ஏறுகிற காரியம். மலையாளி வீட்டுப் பிள்ளை தடுமாறினால் அம்மாவோ டியூஷனோ கைகொடுக்கும். பணியப் பிள்ளை தடுமாறினால் வகுப்பே அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் என்னை உறுத்தியது. அதற்குக் காரணம் மொழி மட்டும் இல்லை.

ஒரு பணிய மாணவியின் அம்மா நாற்று நடும் வயல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாத்தாவுடையது. இதைச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன். வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவின்போது பணியர்களை ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் பேசி அழைத்துப்போகும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்தப் பணிய மாணவியின் பாட்டி வேலைக்குப் பேசி அழைத்துப்போவதைக் கண்ணால் பார்த்தவர். ‘எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்’ என்று சுவரில் எழுதிவைப்பது மட்டும் இந்தக் கணக்கைத் தீர்க்காது. சத்துணவுக்கூடத்தில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருப்பார். டப்பா கொண்டுவரும் பிள்ளைகளும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளும் தனித்தனி வராந்தாவில் உட்காரும் பழக்கம் முன்பு இருந்தது. அதை அவர் நிறுத்தினார். ஆசிரியர்களும் அதே வரிசையில் தட்டோடு உட்காருகிறோம். பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். சிஸ்டர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாரே தவிர, ஏற்பாட்டை மாற்றவில்லை.

ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று ஒரு நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடக்கும். கசவுப் புடவையில் திருவாதிரைக்களி, மாப்பிள்ளைப் பெண்களின் ஒப்பனா ஆட்டம், கரகாட்டம். அதோடு ‘பழங்குடி நடனம்’ என்றும் ஒன்று. டவுன் வீட்டுப் பிள்ளைகள் இலைதழை கட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, ஈட்டியோடு குதிப்பார்கள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். பணியப் பிள்ளைகள் கீழே தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அப்படி உடுத்துவதும் இல்லை, ஆடுவதும் இல்லை.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பணியப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், இது யாரு ஆட்டம்?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அவளைச் சிஸ்டரிடம் கூட்டிப்போனேன். சிஸ்டரிடமும் அதையே கேட்டாள். சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்க ஊர்ல ஆடுறது எப்படிம்மா இருக்கும்?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று ஆசிரியைகள் சிஸ்டரோடு அவர்கள் பாடிக்கு, அதாவது பணியர் குடியிருப்புக்கு, போனோம். அவளுடைய தாத்தா முறையில் ஒருவர் துடி அடிப்பவர், இன்னொருவர் குழல் ஊதுபவர். பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டோம். உடனே சம்மதிக்கவில்லை. சில தாளங்கள் சாவு வீட்டுக்கும் சாமிக்கும் உரியவை, மேடையில் அடிக்கக் கூடாது என்றார்கள். எது மேடைக்கு ஆகும், எது ஆகாது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த ஆண்டு பெண் பிள்ளைகள் பருத்திச் சேலை கட்டி வட்டமாக ஆடினார்கள். துடி அடித்தவருக்கு முன்வரிசையில் ஃபாதருக்குப் பக்கத்தில் நாற்காலி போடப்பட்டிருந்தது. வேறு பிள்ளைகளும் அந்த வட்டத்தில் சேரக் கேட்டபோது யாரைச் சேர்ப்பது என்று பணியப் பிள்ளைகள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். காப்பியும் மிளகும் பறிக்கும் மாதங்களில் பணியப் பிள்ளைகளின் வருகை இன்றும் சரிகிறது. ஊரில் ஒரு சாவு என்றால் சடங்கு முடியும்வரை ஒரு பிள்ளையும் வராது. முன்பெல்லாம் பதிவேட்டில் சிவப்பு மை விழும், நீண்டநாள் வராதவர் என்று பெயர் ஓரங்கட்டப்படும். இப்போது அந்த வாரங்களில் நாங்கள் பாடிக்குப் போகிறோம். விட்டுப்போன பாடத்தை மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம். இருந்தும் எட்டாம் வகுப்புக்கு மேல் எத்தனையோ பெண்கள் நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் யாருடையது என்று கேட்டவள் நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கிறாள்.

எங்கள் ஆசிரியர் அறையில் மலையாளி உண்டு, படுகர் உண்டு, டான்டீ தொழிலாளியின் மகன் உண்டு, மாப்பிள்ளைப் பெண் உண்டு. பணியர் ஒருவர்கூட இல்லை. பள்ளி விடுதிக்குப் பாடியைச் சேர்ந்த ஒரு பெண்ணை வார்டனாக வைக்க வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். ராத்திரியில் அழும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அவள் மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு வழி பார்க்கிறேன் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அது நடக்க வேண்டும்.