கொப்பியைக் கொண்டுவந்தியா மகன்?

விஞ்ஞானச் செயற்றிட்டப் போட்டி ஒன்று முடிந்தால் நம் பக்கத்தில் அதை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பாடசாலை வந்தது, எத்தனை செயற்றிட்டம் வந்தது, மாகாண மட்டத்துக்கு எத்தனை போனது. மூன்றும் போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் 'வெற்றிகரமாக நிறைவேறியது' என்று எழுதி, பிரதம அதிதி பொன்னாடையோடு நிற்கும் படத்தையும் ஒட்டிவிட்டால் அறிக்கை தயார். மட்டக்களப்பில் ஒரு கல்வி வலயத்தில் (எது என்று கேட்காதீர்கள்) சில வருடங்களாக நடுவராகப் போய்வருகிறேன். போகிற இடமெல்லாம் நொட்டை சொல்கிறவன் என்பதாலோ என்னவோ, "சேர், நீங்களே ஒரு மதிப்பீடு எழுதித் தாங்களேன்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. அது அலுவலகப் பாஷையில் இருக்கிறது, இது என் பாஷையில்.

முதலில் அந்த 'எத்தனை வந்தது' என்ற எண். ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை போனால் எண் கூடத்தான் செய்யும், அது பிள்ளைகளின் ஆர்வத்தை அளக்கவில்லை, சுற்றறிக்கைக்கு அதிபர்மார் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதை அளக்கிறது. அதிபர் டீச்சரிடம் சொல்ல, டீச்சர் வகுப்பில் கெட்டிக்காரர் இரண்டு பேரிடம் சொல்ல, அது அன்று இரவே வீட்டில் அம்மா அப்பாவின் வேலையாகிவிடும். கையில் இருப்பதோ ஒன்றிரண்டு கிழமை. அந்த இடைவெளியில் ஒரு மாதிரியுரு செய்யலாம், ஆய்வு செய்ய முடியாது. அதனால்தான் மண்டபம் நிறைய ரிஜிபோமில் வெட்டிய நீர்மின் நிலையமும் சூரியக் குடும்பமும் வந்து நிற்கின்றன, கூடவே சோடாத்தூளும் வினாகிரியும் பொங்கும் எரிமலை. இந்த நாட்டிலேயே எரிமலை இல்லை, ஆனால் நம் வலயத்தில் மட்டும் வருடாவருடம் நாலைந்து வெடிக்கும்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் மிச்சம் விளங்கும்.

ஒருவன் தரம் பத்து. மண் காய்ந்தால் தானாகவே மோட்டரைப் போட்டுத் தண்ணீர் விடும் கருவி, ஆர்டுயினோ பலகை (கருவியை இயக்கும் சின்னக் கணினிப் பலகை), பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, கொமினிகேஷனில் அடித்த பளபளக்கும் பதாகை. நன்றாகவே வேலை செய்தது. நான் ஒன்றுதான் கேட்டேன்: "இந்த உணரியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்தால் திரையில் எண் கூடுமா குறையுமா?" தானே கட்டியவனுக்கு இது மூச்சுவிடுகிற மாதிரியான கேள்வி, ஏனென்றால் எந்த எண்ணில் மோட்டரைப் போடுவது என்று முடிவெடுக்க அவன் அதைப் பத்துத் தடவையாவது நனைத்துக் காயவைத்துப் பார்த்திருக்க வேண்டும். பையன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பதில் சொன்னார். சரியான பதில்தான்.

மற்றவள் தரம் ஒன்பது, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளை. தன் தெருவில் தகரக் கூரை, சீற்றுக் கூரை, ஓட்டுக் கூரை, கிடுகுக் கூரை என்று நாலு வீட்டைப் பிடித்து, மத்தியானம் ஒரு மணிக்கு ஒவ்வொன்றிலும் நடு அறையில் ஒரே உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு அளந்திருந்தாள். படம் இல்லை, மடிக்கணினி இல்லை, அரை டிமை தாளில் கையால் கீறிய ஒரு வரைபும் ஓரம் கிழிந்த ஒரு கொப்பியும். கொப்பியை வாங்கிப் புரட்டினேன். ஒரு நாளுக்கு எதிரே "அளக்கவில்லை. தெர்மோமீட்டரைச் சோதனைக்கென்று டீச்சர் வாங்கிக்கொண்டு போய்விட்டா" என்று இருந்தது. இன்னொரு நாள் தகர வீடும் கிடுகு வீடும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மற்ற நாட்களோடு ஒத்துவராத அந்த வரிசையை அவள் அழிக்கவில்லை, பக்கத்தில் "காலையிலிருந்து மப்பு" என்று எழுதியிருந்தாள். வெயில் இல்லாத நாளில் வித்தியாசம் மறைந்துபோகிறது என்றால், வீட்டைக் கொதிக்கவைப்பது வெளிக்காற்றல்ல, கூரையில் நேரே விழுந்து அங்கிருந்து கீழே கதிர்வீசும் வெயில்தான் என்று அந்த ஒற்றை வரியே காட்டிவிடுகிறது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப தகரத்துக்கு மேல கிடுகு போட்டா, சேர்?" என்று கேட்டாள். அடுத்த ஆய்வு அங்கேயே பிறந்துவிட்டது.

முதலிடம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. பையன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் புள்ளித்தாள் அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தது. காட்சிப்படுத்தல், கவர்ச்சி, முன்வைப்பு என்று மூன்று பெயரில் ஒரே விடயத்துக்குப் புள்ளி போடச் சொன்ன தாள் அது. 'தரவு' என்ற சொல் எங்குமே இல்லை.

உலகத்தில் பெரிய பாடசாலை விஞ்ஞானப் போட்டி என்றால் 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கி இன்றுவரை அமெரிக்காவில் நடக்கிற ஐசெஃப்தான் (சர்வதேச விஞ்ஞான, பொறியியல் போட்டி). அவர்கள் விஞ்ஞானச் செயற்றிட்டங்களுக்கு 100 புள்ளியைப் பிரிக்கும் விதத்தைப் பாருங்கள்: ஆய்வு வினாவுக்கு 10, திட்டமிடலுக்கும் முறைக்கும் 15, தரவைச் சேகரித்து அலசியதற்கு 20, புத்தாக்கத்துக்கு 20, முன்வைப்புக்கு 35. அந்த 35ஐப் பார்த்துவிட்டு "அவங்களும் காட்சிக்குத்தானே கூடப் போடுறாங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஆனால் அதில் பதாகைக்கு வெறும் 10தான். மிச்சம் 25உம் நடுவர் பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதற்கு. ஆர்டுயினோத் தம்பி அந்த 25இல்தான் தடுக்கியிருப்பான். கிடுகுத் தங்கச்சி அதில்தான் ஏறியிருப்பாள்.

ஆகவே நான் எழுதிய முதல் சிபாரிசு: நாட்குறிப்புக் கொப்பி இல்லாமல் யாரையும் உள்ளே எடுக்காதீர்கள். பிள்ளையின் கையெழுத்தில், திகதியோடு, வெட்டல் கொத்தலோடு இருக்க வேண்டும். எடுத்து எழுதிய சுத்தமான கொப்பி என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெற்றோரை மண்டபத்துக்கு வெளியே, நிழலான ஓர் இடத்தில், பிளேன்ரீ கொடுத்து உட்கார வைக்கலாம்.

அப்புறம் நடுவர் பிரச்சினை. ஒரு மண்டபத்தில் எல்லாச் செயற்றிட்டத்தையும் எல்லா நடுவரும் பார்க்க நேரமில்லை, பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஒருவர் கை இளகினவர், எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். இன்னொருவர் ஐம்பதைத் தாண்டுவதே இல்லை. ஐம்பதுக்காரரிடம் மாட்டிய பிள்ளை என்ன செய்தாலும் தோற்கத்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இதற்கான மருந்து நம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த ஒன்று. உயர்தரப் பெறுபேறு வந்தால் ரியூசன் சேரிலிருந்து கடைக்காரர் வரை இசட் புள்ளிதானே கேட்கிறார்கள்? 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கே அதுதான் அளவுகோல். அதே கணக்கு: ஒரு நடுவர் போட்ட புள்ளியிலிருந்து அந்த நடுவருடைய சராசரியைக் கழித்து, அவருடைய நியம விலகலால் (அவர் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) வகுத்துவிட்டால், கை இளகினவரும் இறுக்கினவரும் ஒரே தராசுக்கு வந்துவிடுவார்கள். பழைய புள்ளித்தாள்களை வாங்கி எக்செலில் இப்படிப் போட்டுப் பார்த்தேன், முதல் வரிசையே கலைந்துவிட்டது. அதற்காக இது சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே நல்ல செயற்றிட்டங்கள் எல்லாம் ஒரே நடுவரிடம் போயிருந்தால் இந்தக் கணக்கு அவற்றைக் கீழே இறக்கிவிடும், ஆளுக்கு ஐந்தாறு மட்டும் பார்த்திருந்தால் சராசரியே ஆட்டம் காணும். சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று பேராவது பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டியும் பாடசாலைச் சின்னமும் அன்றைக்கு ஒரு நாள் வேண்டாம். வெள்ளைச் சீருடை எல்லோருக்கும் ஒன்றுதான், பட்டியைப் பார்த்ததும் நடுவருக்குத் தன் பழைய பாடசாலை ஞாபகம் வந்துவிடுகிறது.

காலம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம், அதைப் பற்றித்தான் கூட்டத்தில் யாரும் பேசவே இல்லை. நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. சுற்றறிக்கை மழைக்கு முன்னமே போய், போட்டி மழைக்குப் பிறகு நடந்தால், ஒரு முழுப் பருவமே பிள்ளைகளின் ஆய்வுகூடம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணல் நிலத்தை எடுங்கள். அங்கே கிணற்றில் வருகிற நல்ல தண்ணீர் மழையால் சேர்ந்து, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்பது. ஒரு கயிறு, ஒரு கல், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க விலை குறைந்த ஒரு ரிடிஎஸ் மானி இருந்தால் தரம் எட்டுப் பிள்ளை கிழமைக்கு ஒருக்கால் மட்டத்தையும் உப்பையும் எழுதிக்கொண்டே வரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பாய்ப்போன கிணறுகளை மோட்டர் போட்டு இறைக்க இறைக்கச் சில இடங்களில் உப்பு இன்னும் கூடியதே, அது ஏன் என்று அம்மம்மாவிடம் கதை கேட்டுவிட்டுத் தன் வரைபைப் பார்த்தால் அவளுக்கே பிடிபடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறந்தால் வாவித் தண்ணீர் எத்தனை நாளில் எவ்வளவு தூரத்துக்கு உப்பாகிறது? சம்மாந்துறைப் பக்கம் என்றால் வயல் வாய்க்கால் இருக்கிறது. இதெல்லாம் கடையில் விலைக்கு வராது, அதுதான் இதில் விசேஷம்.

விலைக்கு வருவதைப் பற்றியும் ஒரு சொல். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நகரத்துப் பாடசாலைக்கு ஒரு கருவி வேண்டுமென்றால் அன்றே ஓட்டோவில் போய் வாங்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரைப் பயணம் சுருங்கியது உண்மை, பாடசாலையின் அலுமாரி அப்படியேதான் இருக்கிறது. கோட்டத்துக்கு ஒரு பெட்டி: பத்து வெப்பமானி, அளவுச்சாடி, பீஎச் தாள், இரண்டு ரிடிஎஸ் மானி, கையெழுத்து வைத்து எடுத்துப்போய்த் திருப்பித்தர ஒரு பதிவேடு. காசு எங்கே என்று கேட்டார்கள். கேடயம் வாங்கும் காசில் பாதி போதும் என்றேன். கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது.

சரி, இதையெல்லாம் செய்தால் போட்டி உருப்பட்டதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? "வெற்றிபெற்ற பிள்ளைகளில் இத்தனை பேர் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தார்கள்" என்று ஒரு வரி எல்லா அறிக்கையிலும் வரும். அந்தப் பிள்ளைகள் போட்டி இல்லாவிட்டாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள், டீச்சர் தேர்ந்தெடுத்ததே அப்படிப்பட்ட பிள்ளைகளை. நான் கேட்பது வேறு: தோற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் கட்டாயப்படுத்தாமல் அடுத்த வருடமும் வந்தார்கள்? பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? பெயர் போடாத துண்டில் 'எந்தப் பகுதியை யார் செய்தது' என்று கேட்டால் என்ன எழுதுகிறார்கள்? கட்டாயம் என்ற சொல்லைச் சுற்றறிக்கையிலிருந்து எடுத்தால் முதல் வருடம் எண்ணிக்கை விழத்தான் செய்யும், அந்த வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ள மேலே ஒருவருக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் போகும்போது நடுவர் கையால் எழுதிய இரண்டு வரி: எது நன்றாக இருந்தது, அடுத்து எதைச் செய்து பார்க்கலாம். இப்போது கொடுப்பது பெயரில் எழுத்துப்பிழையோடு ஒரு பங்குபற்றல் சான்றிதழ், அதுவும் பல பாடசாலைகளுக்கு அடுத்த தவணையில்தான் போய்ச் சேர்கிறது.

கொப்பியும் இசட் புள்ளியும் இந்த முறை வரும் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி பற்றிப் பேச்சு இல்லை. நடுவர்தான் உடனே வேண்டும், மூன்று பேர் பார்ப்பதென்றால் இப்போதிருக்கும் ஆள் காணாது. விஞ்ஞான ஆசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை: வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பட்டதாரிகள், ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்கள், விவசாயப் போதனாசிரியர்கள், தண்ணீர் சோதித்துப் பழக்கமுள்ளவர்கள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தப் பிள்ளையோ ரியூசன் பிள்ளையோ அந்தப் பிரிவில் போட்டியிடாமல் இருந்தால் சரி. பஸ் காசு தருவார்கள். சாப்பாடும் உண்டு, புரியாணியா சோறு கறியா என்பது அந்தந்தக் கோட்டத்தைப் பொறுத்தது.