வெண்கட்டித் துண்டு

மாஸ்ரர் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் லண்டன் பஸ்ஸில் இருந்தேன். பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். இந்த முறை சாட்டுச் சொல்ல முடியவில்லை.

மத்தியான இடைவேளைக்குப் பிந்திய ஆங்கிலப் பாடம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1978, ஒன்பதாம் வகுப்பு. 'கிவ் அன்ட் ரேக்' (give and take) என்பதை வைத்து வசனம் அமைக்கச் சொன்னார். நான் அதைக் கொடுக்கல் வாங்கல் என்று எடுத்துக்கொண்டு, என் அப்பாவுக்குச் சந்தையில் நிறைய 'கிவ் அன்ட் ரேக்' உண்டு என்று எழுதிவிட்டேன். மாஸ்ரர் கொப்பியை உயர்த்திப் பிடித்து வாசித்தார். "கொப்பர் என்ன, கடன்காரரோ?" வகுப்பே சிரித்தது. அந்த வருடம் அப்பா உண்மையிலேயே கழுத்தளவு கடனில் இருந்தார். மாஸ்ரருக்கு அது தெரியாது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும்.

சிரிப்பு அடங்கமுதல் என்னையும் எங்கள் நெடுவலையும் முன்னுக்குக் கூப்பிட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'கிவ் அன்ட் ரேக்' என்ற பெயரில் ஒரு குதிரைப் பந்தயம் இருந்ததாம். குதிரையின் உயரத்தைக் கைக் கணக்கில் அளப்பார்கள். ஒரு கை என்றால் நாலு அங்குலம். குறித்த அளவுக்கு மேலே உயர்ந்த குதிரை கூடுதல் பாரம் சுமக்க வேண்டும், குள்ளக் குதிரைக்குப் பாரம் குறையும். சொல்லிக்கொண்டே நெடுவலின் கைகளில் அட்லஸ், வரவு இடாப்பு, இரண்டு பேரின் புத்தகப் பை என்று அடுக்கினார். என் உள்ளங்கையில் ஒரு வெண்கட்டித் துண்டு. அதற்கும் சிரித்தார்கள். மணி அடித்தபோது அது வேர்வையில் ஊறிக் கூழாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். மன்னிப்பு ஒன்றும் இல்லை, பாடம்தான். ஓ.எல். பரீட்சை வரைக்கும் ஒரு சதம் வாங்கவில்லை. அம்மா கொடுத்துவிடும் முருங்கைக்காயை மட்டும் மறுக்கமாட்டார். நான் இந்த ஊரில் வந்து இறங்கியது அந்த ஆங்கிலத்தோடுதான்.

குதிரைக் கதை அவர் விட்ட கதை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் இங்கே நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினால் 1769, குதிரை, உயரம், பாரம், எல்லாம் அவர் சொன்னபடியே. விட்டுக்கொடுப்பு என்ற பொருள் அதற்குப் பிறகு பத்து வருடத்துக்குள் வந்துவிட்டது. (தமிழில் விட்டுக்கொடுக்கத்தான் சொல் இருக்கிறது, அதில் வாங்குவது இல்லை. கவனித்தீர்களா?) அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வசனத்திலேயே ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று பயம். அப்புறம் எழுதலாம் என்று வைத்தது, வைத்ததுதான்.

நெடுவல் ஊரை விட்டு அசையவில்லை. மாஸ்ரரின் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். கடைசி இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, மருந்து வாங்கியது, இரவில் கூட நின்றது எல்லாம் அவன்தான். செத்தவீடு முடிந்த அன்று போன் எடுத்து, செலவு எவ்வளவு என்று சொல், அனுப்புகிறேன் என்றேன்.

"விடு மச்சான், இதுக்குள்ளை என்ன கொடுக்கல் வாங்கல்" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறானாம்.