நூறு அடிக்கு மூன்று அங்குலம்

ரசமட்டம் சேர் காலமான செய்தியை வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவன் கோத்தகிரியில் இருக்கும் நம் வகுப்புத் தோழன். கொஞ்ச நேரத்தில் லண்டன், டொரன்டோ, ஒஸ்லோ என்று எல்லாத் திசையிலிருந்தும் கைகூப்பும் படங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோனது அந்த அஞ்சலிகளைப் படித்தாலே தெரிந்தது. சேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கேட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்?

அவர் வடமராட்சிக்காரர். ஆறே இல்லாத, கிணற்றை நம்பி வாழ்கிற ஊரிலிருந்து, பார்த்த இடமெல்லாம் பீலியில் தண்ணீர் கொட்டுகிற நம் மலைக்குப் புவியியல் படிப்பிக்க வந்தவர். சுவரில் எந்தப் படம் சாய்ந்து தொங்கினாலும் அவர் கை சும்மா இராது. அதிபர் அறையில் இருந்த பழைய குழுப்படங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதனால் வந்த பட்டப்பெயர்தான் அது. மற்றபடி நுவரெலியாப் பனியில் ஒரு கம்பளிச் சட்டையோடு மூன்று தவணையையும் ஓட்டிய மனிதர்.

குட்டி ரயில் பாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இங்கிலாந்தில் பிறந்த நம் பிள்ளைகளும் மலரைப் புரட்டுவார்கள் என்கிற நம்பிக்கையில் சில வரிகள். நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு கந்தப்பளை வழியாக ராகலைக்கும் வெள்ளைக்காரன் போட்ட பாதை. அகலம் இரண்டரை அடிதான். தேயிலைப் பெட்டி கீழே இறங்கும். அரிசியும் உரமும் மேலே ஏறும். ரோட்டில் லொறி ஓடத் தொடங்கியதும் அதற்கு வேலை குறைந்துபோய், 1940களில் மூடித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம் காலத்தில் அது பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி, கிரிக்கெட் மைதானம், வீட்டுப்பாடம் செய்யாதவர்களின் ஒளிவிடம்.

அந்தப் பாதையின் அடியில், ஆள் குனிந்து போகிற உயரத்தில் ஒரு கல் மதகு இருந்தது நினைவிருக்கிறதா? அதற்குள் பேய் இருக்கிறது என்பதைத் தாண்டி நாங்கள் எதுவும் யோசித்ததில்லை. சேர் ஒரு சனிக்கிழமை எங்களை அதன் முன்னால் நிறுத்தி, "தம்பிமார், மதகு எண்டா ஓடை இருக்கிற பள்ளத்திலதானே இருக்க வேணும்? இது மலை மூக்கில இருக்குது. இங்க எங்கையிருந்து தண்ணி வந்திருக்கும், சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

யாருக்கும் பதில் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரப்பர் குழாயோடு வந்தார். இரண்டு முனையிலும் கண்ணாடிக் குழாய் செருகியிருந்தது. ஒரு முனையை நானும் மறு முனையை இப்போது கோத்தகிரியில் இருப்பவனும் பிடித்துக்கொள்ள, தண்ணீர் நிற்கிற மட்டத்தை அடிமட்டத்தால் அளந்து அளந்து, பற்றைக்குள் புகுந்து போனோம். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போன அந்தச் சனிக்கிழமைகளில் வெளிப்பட்டது ஒரு வாய்க்கால். இருபக்கமும் கல் அடுக்கி, மண் மூடி, மேலே தேயிலை வளர்ந்து கிடந்தது. மலை வளைந்த இடமெல்லாம் தானும் வளைந்து, மேலே ஆற்றில் ஓர் உடைந்த தடுப்பணையில் போய் முடிந்தது. மறு முனை பழைய ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், பின்சுவரில், ஒரு ஆழமான கல் குழிக்கு மேலே நின்றது. சக்கரம் சுற்றிய குழி அது.

மின்சாரத்துக்கும் எண்ணெய் இயந்திரத்துக்கும் முன்னால் மலையகத்தில் பல ஸ்டோர்களில் கொழுந்து உருட்டுகிற ரோலரைச் சுற்றியது தண்ணீர்தான். ஆறு செங்குத்தாக இறங்கும். வாய்க்கால் மெல்ல மெல்ல இறங்கும். ஸ்டோருக்கு வந்து சேரும்போது வாய்க்கால் ஆற்றைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவும் ஆதாயம். அந்த உயரத்திலிருந்து சக்கரத்தின் தலையில் விழுகிற தண்ணீர் தன் பாரத்தாலேயே அதைச் சுற்றும். தண்ணீர் அடியில் ஓடித் தள்ளுகிற சக்கரத்தைப் போல இதற்கு இரண்டு மடங்கு பயன் என்று ஜோன் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1759இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். இதையெல்லாம் சேர் அந்தக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். ரயில் ஏறிக்கொண்டே போகிறது, வாய்க்கால் இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஒரே மலையைச் சுற்றினால் எங்காவது ஒன்றையொன்று வெட்டத்தான் வேண்டும், அந்த இடம்தான் மதகு. எது மூத்தது என்றும் கேட்டார். அதற்கு மட்டும் நாங்களே பதில் கண்டுபிடித்தோம். ரயில்காரனின் செதுக்கிய கல், வாய்க்காலின் கரடுமுரடான கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. கீழே இருப்பதுதானே முதலில் வந்திருக்க வேண்டும்!

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. தோட்ட நிர்வாகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்திருந்தது. பிள்ளைகள் தேயிலைச் செடியை மிதித்துவிட்டார்களாம், கல்லைப் பெயர்த்துவிட்டார்களாம். காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்ததும் அதிபர் சேரை முன்னால் அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். மன்னிப்புக் கடிதம். அதிபரே எழுதியது. அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், சின்ன வகுப்புகள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அதை வாசிக்கும்படி சொன்னார்.

சேர் வாசித்தார். குறிப்புச் சொல்லி எழுதவைக்கிற அதே குரலில், அரைப்புள்ளிக்கு நின்று, முற்றுப்புள்ளிக்கு நின்று வாசித்தார். "மாணவர்களை அனுமதியின்றிப் பயனற்ற குழிகளுக்குள் இட்டுச்சென்றமைக்கு வருந்துகிறேன்" என்பது கடைசி வரி. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்து, "சரிவு நூறு அடிக்கு மூண்டு அங்குலம். ஒன்பதாம் வகுப்பு, குறிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

மேல் வகுப்புக்காரர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. குழாய் பிடித்தவர்கள் நாங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எங்களை முன்னால் கூப்பிடவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அடுத்த தவணை தொடங்கும் முன்பே அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் புத்தகத்தைப் பார்த்து ஆஸ்திரேலியா படிப்பித்தார்.

வகுப்பும் அப்போது கரைந்துகொண்டிருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியிருந்தார்களே, அந்த எண்ணிக்கை எங்களுக்கு வெறும் வாங்குகளாகத்தான் தெரிந்தது. "பாஸ்போர்ட் வந்திருச்சு" என்று ஒருத்தன் சொல்வான். சில நாளில் அவன் இடம் காலியாகும். குழாயின் மறு முனை தலைமன்னாரில் கப்பலேறிப் போனது. நான் 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தேன்.

வந்த நாட்டைப் பாருங்கள். இங்கே கைவிட்ட ரயில் பாதைகளுக்குக் குறைவில்லை. நட்டத்தில் ஓடுகிற ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் பீச்சிங் அறிக்கை வந்து, மூடிய பாதைகள் பலவும் இன்றைக்கு நடைபாதை. அப்படி ஒரு பாதையின் அடியில் செங்கல் வளைவுக்குள், நீர்ச்சக்கர ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் ஒன்று போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தில் விளக்கப் பலகை, உட்கார பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் சட்டை போட்ட ஓய்வூதியக்காரர்கள் சேற்றை வாரிவிட்டு பிளாஸ்கில் தேநீர் குடிப்பார்கள். அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. அவர்களில் யாரையும் மேடையேற்றி மன்னிப்புக் கடிதம் வாசிக்கவிடவில்லை என்பது மட்டும் மனதில் ஓடும். 1086ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ச்சக்கர ஆலைகளைப் பதிந்த நாடு. நம் மதகு எந்தப் பதிவிலாவது இருக்குமா?

சேர் எப்போதாவது கடிதம் போடுவார். என் வேலை, சம்பளம் பற்றியெல்லாம் கேட்க மாட்டார். அங்குள்ள சக்கரங்களுக்கு எவ்வளவு சரிவு வைத்தார்கள் என்று கேட்பார். நானும் தேடிப் படித்து எழுதுவேன். இந்த ஊர் வாய்க்கால்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்திருப்பது அவரால்தான். நம் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த அந்த ஆற்றுக்கு என்ன பெயர் என்று என் மகள் கேட்டபோது வாயில் வரவில்லை. "ஒருக்கா வாரும், மிச்சத்தையும் அளந்து முடிப்பம்" என்று எழுதியிருந்தார். போர் முடிந்த பிறகும் எழுதினார். போயிருக்கலாம்.

அவர் பெயரில் சுழற்கேடயம் ஒன்று கொடுக்கச் செயற்குழு யோசிக்கிறதாம். கேடயத்தால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை; சாய்த்து வைத்தால் கோபம்தான் வரும். அவருடைய அளவைக் கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய மகளிடம் பருத்தித்துறையில் இருக்கின்றன. செல் அரிக்கும் முன் படியெடுத்து, ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். பொருளாளர் இதை ஆண்டுக் கூட்டத்தில் எடுக்கலாம் என்கிறார். அன்றைய டின்னருக்கு டிக்கெட் இன்னும் மீதம் உண்டாம். வாங்குகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் முன்னதாக வந்து, இதற்குக் கை தூக்கிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.